சம்பளம் வாங்குவோரின் நாவும் நம் பொறுப்பும்



சம்பளம் கொடுக்கும் முதலாளி ஒருவனுடைய உழைப்பை வாங்குகிறான். அவனுடைய நாவையும் சேர்த்து வாங்கிவிடுகிறானா? இந்தக் கேள்வியையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்து ஜவுளிக் கடையானாலும், பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையானாலும், கிள்ளான் மளிகைக் கடையானாலும், நாலு பேரை வேலைக்கு வைத்திருப்பவர் என்றாவது ஒருநாள் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒரு முஸ்லிம் விளையாட்டு வீரரின் விஷயத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் டென்வர் நகரக் கூடைப்பந்துக் குழுவில் மஹ்மூத் அப்துர் ரவூஃப் என்பவர் ஆடிவந்தார். கிறிஸ் ஜாக்சன் என்ற பெயரோடு பிறந்து, 1991-ல் இஸ்லாத்தைத் தழுவியவர். அந்நாட்டுக் கொடி பலருக்கு அடக்குமுறையின் சின்னமாக இருக்கிறது, அதற்காக எழுந்து நிற்பது தம் மார்க்கத்துக்கு ஒவ்வாது என்பது அவருடைய எண்ணம். ஆகவே தேசிய கீதம் இசைக்கும்போது அவர் மற்றவர்களோடு நிற்பதில்லை. விஷயம் வெளியே பரவியதும், 1996 மார்ச் 12-ல் கூடைப்பந்துச் சங்கம் அவரைச் சம்பளமின்றி விலக்கி வைத்தது. கீதத்தின்போது வீரர்கள் மரியாதையாக நிற்கவேண்டும் என்பது சங்கத்தின் விதி.

பிறகு பேச்சுவார்த்தை நடந்தது. ஒரே ஆட்டத்தோடு விலக்கு நீங்கியது. எழுந்து நிற்பது, நிற்கும்போது துன்பப்படுவோருக்காகக் கையேந்தித் துஆச் செய்வது என்று இரு தரப்பும் இணங்கினார்கள். ஆனால் அந்தப் பருவம் முடிந்ததும் டென்வர் குழு அவரை வேறு குழுவுக்கு மாற்றிவிட்டது. 2016-ல் கருப்பின மக்கள் போலீசாரால் கொல்லப்படுவதைக் கண்டித்துக் கீதத்தின்போது மண்டியிட்ட காலின் கேப்பர்னிக் என்ற வீரரையும், 2017-க்குப் பின் எந்தக் குழுவும் ஆட்டத்தில் சேர்க்கவில்லை.

பேச்சுச் சுதந்திரம் மிகுந்த நாடு என்று சொல்லப்படும் அமெரிக்காவில் இது எப்படி நடந்தது? அந்நாட்டு அரசியல் சட்டம் சர்க்காரின் கையைத்தான் கட்டுகிறது. தனியார் முதலாளியின் கையைக் கட்டவில்லை. இந்தப் பேதத்தை நாம் நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இதன் மறுபக்கம் கேரளத்தில் நடந்தது. யெகோவா சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் வேத நம்பிக்கையின் காரணமாகப் பாடமட்டும் மறுத்தார்கள். 1985 ஜூலையில் அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986 ஆகஸ்டில் இந்திய உச்சநீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டியின் தீர்ப்பில், அந்த நீக்கம் செல்லாது என்றது. எழுந்து நிற்பதே மரியாதை, வாய் திறந்து பாடாதது அவமதிப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். கல்வி இலாகாவின் உத்தரவு அங்கே சம்பந்தப்பட்டிருந்ததால், அரசியல் சட்டம் அப்பிள்ளைகளுக்குக் கேடயமாயிற்று.

நம் மலேசியாவில் நிலைமை என்ன? 1968-ம் ஆண்டுத் தேசிய கீதச் சட்டத்தின்படி, ‘நெகாராகூ’ இசைக்கும்போது எழுந்து அசையாமல் நிற்கவேண்டும். பொது இடத்தில் வேண்டுமென்றே அதை அவமதித்தால் 100 வெள்ளி வரை அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ உண்டு. இந்த நாட்டில் பிழைத்து, இந்த நாட்டில் பள்ளிவாசல் கட்டித் தொழுகிற நமக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை.

பேச்சுரிமையைப் பற்றி நம் அரசியல் சட்டத்தின் 10-வது விதி பேசுகிறது. அதுவும் குடிமக்களுக்கு, பாராளுமன்றம் வகுக்கும் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டதே. வேலை செய்யும் இடத்தில் அது எவ்வளவு தூரம் செல்லும்? கர்ப்பமுற்றதால் வேலை இழந்த ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில், 2005-ல் கூட்டரசு நீதிமன்றம் இதற்கு வழி காட்டியது. அரசியல் சட்ட உரிமைகள் அரசாங்கத்துக்கு எதிராகக் கேட்கப்படுபவை. ஒரு தனியார் மற்றொரு தனியாருக்கு எதிராக அவற்றை நீட்ட முடியாது என்று அது தீர்ப்பளித்தது.

“அப்படியானால் நம் கடையில் நாம் வைத்ததுதான் சட்டம்!” என்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-வது பிரிவு, ஒழுங்கீனத்துக்காக ஒருவரை நீக்குமுன் முறையான விசாரணை நடத்தச் சொல்கிறது. விசாரணைக்காக அவரை நிறுத்தி வைத்தால் அது இரண்டு வாரத்துக்கு மேற்படக் கூடாது. அந்நாட்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். குற்றமில்லை என்று தெரிந்தால் மீதியையும் கொடுக்க வேண்டும். நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டவர், 1967-ம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-வது பிரிவின்படி 60 நாட்களுக்குள் முறையிடலாம். கோபத்தில் சொன்ன “நாளையிலிருந்து வராதே” என்ற ஒரு சொல், தொழில் நீதிமன்றத்தில் 24 மாதச் சம்பளம் வரை நம்மைக் கொண்டுபோய் நிறுத்தக்கூடும்.

இது சட்டம். இனி மார்க்கம் என்ன கற்பிக்கிறது என்று பார்ப்போம்.

ஹிஜ்ரி 6-ல் ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதும்போது, ‘அல்லாஹ்வின் தூதர்’ என்ற சொல்லை அழிக்கவேண்டும் என்று குறைஷியர் பிடிவாதம் செய்தார்கள். எழுதிக்கொண்டிருந்த அலி (ரலி) அவர்களிடம் அதை அழிக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஈமானின் வேகத்தால் அலி (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை, மறுத்துவிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் சினந்தார்களா? விலக்கினார்களா? இல்லை. அந்த இடத்தைக் காட்டச் சொல்லித் தம் கையாலேயே அழித்தார்கள். காரியமும் நடந்தது, தோழரின் மனச்சாட்சியும் நோகவில்லை. பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களோ, ஒருமுறைகூட “சீ” என்ற சொல்லைத் தாம் கேட்டதில்லை என்று அறிவித்தார்கள்.

ஆகவே நம் சிப்பந்திகளின் பேச்சை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது நலம்.

ஒன்று, வேலை நேரத்தில் கடைக்குள் பேசுவது. வாடிக்கைக்காரரிடம் அரசியல் வாதம் செய்யாதே, பிற மதத்தவரைப் பழிக்காதே என்று விதி வைக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அதை வேலைக்குச் சேரும் நாளிலேயே, அவருக்குப் புரியும் பாஷையில் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு, கடைக்கு வெளியே, தம் சொந்தக் கைப்பேசியில் அபிப்பிராயம் எழுதுவது. அதனால் கடைக்கு உண்மையில் கேடு வந்ததா, நம் மனத்துக்குப் பிடிக்கவில்லையா என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பிடிக்காதது வேறு, கேடு வேறு.

மூன்று, நம்மைப் பற்றியே பேசுவது. “சம்பளம் தாமதமாகிறது, கூடுதல் நேரத்துக்குக் கூலி இல்லை, தராசு சரியில்லை” என்று ஒருவர் சொன்னால் அவர் நமக்கு விரோதி அல்லர். மறுமையில் வரவேண்டிய கணக்கை இங்கேயே காட்டித் தருகிறவர். இப்படிச் சொல்ல மிகவும் அஞ்சுகிறவர், ஊரை விட்டு வந்து நம் பெர்மிட்டில் வேலை பார்க்கும் தொழிலாளிதான். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவர் வாயைக் கட்டுகிறது. அவர் மௌனமாக இருக்கிறார் என்பதால் திருப்தியோடு இருக்கிறார் என்று எண்ணக்கூடாது. மாதம் ஒருமுறை கடை அடைத்தபின் எல்லோரையும் உட்காரவைத்து, “சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள், யார் வேலைக்கும் ஆபத்தில்லை” என்று கேட்பதும், சொன்ன வார்த்தையைக் காப்பதும் நம் கடமை.

சிப்பந்தியின் வயிறு நம் கல்லாப்பெட்டியோடு கட்டப்பட்டிருக்கிறது. அவர் நாவையும் அதோடு கட்ட நமக்கு அனுமதியில்லை. நம் கையின் கீழ் இருப்போரிடம் நீதியோடு நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.