நவாபும் அமீரும்: ஆற்காட்டுத் தலைமைப் பட்டங்களின் பொருள்மாற்றம்

அரபு மொழியில் ‘அம்ர்’ என்பது கட்டளையைக் குறிக்கும். அவ்வேரினின்று பிறந்த ‘அமீர்’ என்னும் சொல் கட்டளையிடுபவர், படைத்தலைவர் என்னும் பொருள்களில் வழங்கியது. திருக்குர்ஆனில் அதிகாரமுடையோரைக் குறிக்க ‘உலுல் அம்ர்’ என்னும் தொடர் (4:59) வருகிறதேயன்றி, ‘அமீர்’ என்னும் வடிவம் இடம்பெறவில்லை. இரண்டாம் கலீபா உமர் (634–644) ‘அமீருல் முஃமினீன்’, அதாவது நம்பிக்கையாளர்களின் தலைவர், என அழைக்கப்பட்ட பின்னரே அச்சொல் உயர் ஆட்சிப் பட்டத்தில் நிலைபெற்றது. தமிழக நீதிமன்ற வழக்கிலுள்ள ‘அமீனா’வை இதனோடு இணைத்தல் பொருந்தாது; அது நம்பகத்தைக் குறிக்கும் வேறொரு வேரினின்று வந்தது.

‘நவாப்’ என்பதன் அடிப்பொருள் இதற்கு நேர்மாறானது. பதிலாளரைக் குறிக்கும் ‘நாயிப்’ என்னும் அரபுச் சொல்லின் பன்மை ‘நுவ்வாப்’. அப்பன்மையே ஒருவரை உயர்த்திச் சுட்டும் பட்டமாகி, ‘நவாப்’ எனத் திரிந்தது. ஒருவரைப் பலர்பால் ஈற்றால் ‘அவர்’ எனச் சுட்டும் தமிழ் மரபை அறிந்தோர்க்கு இவ்வுயர்வுப் பன்மை புதிதன்று. எனினும், பிறர்க்காக நிற்பவர் என்பதே சொல்லின் வேர்ப்பொருள்.

ஆற்காட்டில் இவ்விரு சொற்களும் இடம் மாறின. ஔரங்கசீப் காலத்தில் கருநாடகப் பகுதிக்கு அனுப்பப்பட்ட பேரரசின் பதிலாளர்களே முதல் நவாபுகள். நாளடைவில் அப்பதவி குடும்ப உரிமையாயிற்று. அவ்வுரிமைப் போட்டியில்தான் அன்வருத்தீன் கான் 1749 ஆகஸ்டு 3 அன்று ஆம்பூர்ப் போர்க்களத்தில் உயிரிழந்தார். அவர் மகன் முகம்மது அலி அப்பதவிக்குத் தந்தைவழி உரிமை கோரினார்; பதிலாளர்க்கு வாரிசு என்பது சொல்லின் பொருளோடு முரண்படுவதாகும். 1765இல் முகலாயப் பேரரசர் அளித்த ஆணை, ஐதராபாத் நிசாமின் மேலாண்மையினின்றும் அவரை விடுவித்தது. உயர்நிலையுடையவர் எனப் பொருள்படும் அவரது ‘வாலாஜா’ பட்டம் வாலாஜாபேட்டை என்னும் ஊர்ப்பெயரில் இன்றும் நிலைத்துள்ளது.

1801 உடன்படிக்கையால் ஆட்சி கும்பினியிடம் சென்றது. 1855இல் குலாம் முகம்மது கௌஸ் கான் வாரிசின்றி இறந்தபோது நவாப் பட்டமும் நீக்கப்பட்டது. பின்னர் 1867இல் அவருடைய சிற்றப்பா அசீம் ஜாவுக்கு விக்டோரியா அரசியார் ‘அமீரே ஆற்காடு’ என்னும் பட்டத்தை வழங்கினார். ஆற்காட்டிலோ அதனை அடுத்த கலவையிலோ வரி தண்டவும் படை திரட்டவும் அவருக்கு அதிகாரமில்லை; ஓய்வூதியமே இருந்தது. பதிலாளர் என்னும் பெயருடன் முன்னோர் ஆண்டனர். கட்டளையிடுபவர் என்னும் பெயர், ஆட்சி பறிபோன பிறகே அக்குடும்பத்துக்கு வந்தது.

தமிழாக்கம் இன்னொரு மாற்றத்தை விளைவித்தது. ‘பிரின்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் சிற்றரசரையும் குறிக்கும். தமிழோ அரசமகன் என்னும் பொருளை மட்டும் கொண்டு ‘ஆற்காடு இளவரசர்’ என்றது. தமிழ் மரபில் இளவரசர் என்பவர் முடிசூடக் காத்திருப்பவர். இங்கோ அவர்க்கு மேல் அரசர் எவருமில்லை; முதுமையிலும் அவர் இளவரசரே. ‘அமீர்’ என்னும் சொல் பொதுமக்கள் வழக்கில் பெரிதும் சென்னை இராயப்பேட்டை ‘அமீர் மகால்’ என்னும் மாளிகைப் பெயரளவில் தங்கிவிட்டது.

1971இல் அரசியலமைப்பின் 26ஆம் திருத்தம் முன்னாள் சமத்தான ஆட்சியாளர்களுக்கு வழங்கப்பட்ட ஏற்பையும் மன்னர் மானியத்தையும் ஒழித்தது. இந்திய ஒன்றியத்தோடு இணைப்பு ஒப்பந்தம் செய்த ஆட்சியாளர் வரிசையில் ஆற்காட்டு மரபினர் இல்லை. ஆதலால் அவர்களது பட்டம் மட்டும் தொடர்ந்தது.