யானைக்கால் உள்ளவருக்குக் காய்ச்சலும் வீக்கமும் வந்தால்

யானைக்கால் உள்ளவர்களுக்கு அவ்வப்போது குளிர்காய்ச்சல் வரும். தொடையிடுக்கில் நெறி கட்டும். கால் சிவந்து, துணி பட்டாலே எரியும். பழைய புழு மறுபடி கிளம்பிவிட்டது என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது காரணமில்லை. க்யூலெக்ஸ் கொசு கொண்டுவந்த புழு, நிணநீர்க் குழாய்களை என்றோ கெடுத்துவிட்டது. இப்போதைய காய்ச்சலுக்குக் காரணம் பாக்டீரியா. விரலிடுக்குச் சேற்றுப்புண், வெடிப்பு, முள் குத்திய இடம் என ஏதோ ஒரு வாசல் வழியாக அது நுழைந்திருக்கும். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கால் இன்னும் கொஞ்சம் பருக்கிறது. ஆகவே வாசலை அடைப்பதே முக்கிய வைத்தியம்.

காய்ச்சல் நேரத்தில் செய்ய வேண்டியவை

• வேலையை விட்டுவிட்டுப் படுங்கள். காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள்.
• குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியைக் காலில் போடுங்கள். எரிச்சல் அடங்கும்.
• தண்ணீர் நிறையக் குடியுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.
• அன்றே மருத்துவரைப் பாருங்கள். அவர் தரும் ஆன்டிபயாடிக்கை, இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டாலும், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள்.
• வாந்தி, குழப்பமான பேச்சு, சீழ், ஒரு நாள் மருந்து சாப்பிட்டும் குறையாத காய்ச்சல் இருந்தால் ஆஸ்பத்திரியில் சேருங்கள். சர்க்கரை நோயாளிகள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

செய்யக்கூடாதவை

• வெந்நீர் ஒத்தடம், செங்கல் ஒத்தடம் எதுவும் வேண்டாம். வீங்கிய காலைப் பார்த்ததும் வீட்டுப் பெரியவர்கள் பாசத்தோடு முதலில் செய்வது இதைத்தான். ஆனால் சூடு பட்டால் வீக்கம் கூடும். மரத்துப்போன காலாக இருந்தால் தோல் வெந்துபோனதும் தெரியாது.
• கொப்புளத்தை ஊசியால் குத்தித் தண்ணீரை எடுக்காதீர்கள்.
• சாம்பல், பச்சிலைப் பற்று போடாதீர்கள்.
• க்ரேப் பேண்டேஜ் சுற்றாதீர்கள். கால் பயிற்சியும் இப்போது கூடாது.
• வீட்டில் இருக்கும் யானைக்கால் மாத்திரையை (டிஇசி) எடுத்துப் போடாதீர்கள். அது புழுவுக்கான மருந்து, பாக்டீரியாவிடம் செல்லாது.

காய்ச்சல் விட்ட பிறகு, தினமும்

• ராத்திரி படுக்கும் முன் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாதாரணத் தண்ணீர், விலை குறைந்த சோப்பு போதும். தோல் மடிப்பு ஒவ்வொன்றையும் விரித்து, விரலிடுக்கில் மெல்லிய துணியை விட்டு, நுரை அழுக்கில்லாமல் வெளுப்பாக வரும் வரை கழுவ வேண்டும். பிரஷ் வேண்டாம், தோல் கீறும்.
• துடைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கடைசி விரலிடுக்கில் ஈரம் நின்றால் மறுபடி சேற்றுப்புண் வரும். அங்கே தோல் வெளுத்து ஊறியிருந்தால் பூஞ்சைக் களிம்பு தடவுங்கள்.
• குனிய முடியாதவருக்கு வீட்டில் ஒருவர் கழுவிவிட வேண்டும். யானைக்கால் தொட்டால் ஒட்டாது. கூச்சப்பட்டு அவரைத் தனியே விட்டுவிடாதீர்கள்.
• உட்காரும்போது குதிகாலை ஏற்றி இறக்குங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள்.
• நகத்தை ஒட்ட வெட்டாதீர்கள். வயலுக்கோ தெருவுக்கோ வெறுங்காலுடன் போகாதீர்கள். இறுக்கமான ஷூவைவிட, காற்றுப் புகும் அகலமான செருப்பு நல்லது.
• தூங்கும்போது கட்டிலின் கால் பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தலாம். இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.