பிடித்த செருப்பு, வலிக்காத செருப்பு: இரண்டும் ஒன்றாகக் கிடைக்குமா?

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுருக்கென்று குத்துகிறதா? பத்து இருபது அடி நடந்ததும் கொஞ்சம் குறைந்து, சாயங்காலம் மறுபடி வந்துவிடுகிறதா? ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட், பள்ளிக்கூடம் என்று நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்கள் பலருக்கு இது பழகிப்போன வலி. "வயசானா வரத்தான் செய்யும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். காலில் என்ன மாட்டியிருக்கிறோம் என்று மட்டும் குனிந்து பார்ப்பதில்லை.

அப்படியே பார்த்து, கடைக்குப் போய்க் கேட்டாலும் "டாக்டர் செருப்பு இருக்குங்க" என்று ஒன்றை எடுத்துப் போடுவார்கள். கறுப்பு, இல்லையென்றால் பிரவுன். பட்டுப்புடவைக்கும் ஒத்துவராது, இன்டர்வியூவுக்கும் போட்டுப் போக முடியாது. வாங்கி நாலு நாள் போட்டுவிட்டு வாசலில் விட்டுவிடுவோம். பிறகு பழைய ஷூ, பழைய வலி. அழகு வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. பிடிக்காத செருப்பை யாரும் தினமும் போடமாட்டார்கள். தினமும் போடாத செருப்பு, எவ்வளவு நல்ல செருப்பாக இருந்தாலும் வலியைக் குறைக்காது.

பிரச்சினை நீளத்தில் இல்லை, அகலத்தில்

"உங்க சைஸ் என்ன?" என்று கேட்டால் எல்லோரும் ஒரு நம்பர் சொல்வோம். அந்த நம்பர் பாதத்தின் நீளத்தை மட்டும்தான் சொல்கிறது. நம் கடைகளில் பெரும்பாலும் இருப்பது பிரிட்டன் அளவுமுறை. அதில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் சுமார் 8.5 மில்லிமீட்டர், அதாவது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. விரல் பக்கம் இறுக்குகிறது என்று ஒரு நம்பர் பெரிதாக வாங்கினால் நீளம் கூடும். அகலம் கொஞ்சம்தான் கூடும். இறுக்கம் அப்படியே இருக்கும், குதிகால் மட்டும் லூஸாகி நழுவும். நழுவாமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடித்தபடி நடப்போம். அதுவே புதிதாக ஒரு வலியைக் கொண்டுவரும்.

இது உங்கள் காலின் குறை இல்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், நாடு முழுவதும் 1 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனர் மூலம் அளந்து பார்த்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிடப் பொதுவாக அகலமானது என்று தெரியவந்தது. அதை வைத்து இந்தியாவுக்கென்று 'பா' என்ற புதிய அளவுமுறையையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். அது எல்லாக் கடைகளிலும் வரும்வரை நம் காலை நாமே அளந்துகொள்வதுதான் வழி.

அளக்க ஒரு ஏ4 தாள், பென்சில், ஸ்கேல் போதும். சாயங்காலம் அளங்கள், பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், செருப்பு அந்தக் காலுக்கும் பொருந்த வேண்டும். தாளைச் சுவரை ஒட்டித் தரையில் போட்டு, குதிகால் சுவரில் படும்படி நேராக நில்லுங்கள். வீட்டில் இருக்கும் வேறு யாரையாவது பாதத்தைச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து வரைந்தால் உடல் எடை ஒரு பக்கம் சாய்ந்து அளவு மாறிவிடும். குதிகால் முதல் நீளமான விரல் வரை ஒரு அளவு, விரல்களுக்குக் கீழே அகலமான இடத்தில் இன்னொரு அளவு. இரண்டு காலும் ஒரே அளவு இருக்காது. பெரிய காலை வைத்துத்தான் வாங்க வேண்டும். அளவுகளை அந்தத் தாளிலேயே எழுதி போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வயது ஏறும்போது பாதம் தளர்ந்து நீளமும் அகலமும் கூடும். கர்ப்ப காலத்திலும் அப்படித்தான். எங்கள் அம்மா இருபது வருஷமாக "எனக்கு ஆறு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அளந்து பார்த்தால் ஏழு.

கடையில் இரண்டு நிமிஷம்

வரைந்த பாதத்தைக் கோட்டோடு கத்தரித்து எடுத்துப் போங்கள். பிடித்த ஷூவுக்குள் இருக்கும் இன்சோல் கழன்று வந்தால் அதன்மேல் இந்தத் தாளை வையுங்கள். தாள் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்கள் கால் இல்லை. கடைக்காரர் "போடப் போட லூஸாகிடும்" என்பார். தோல் கொஞ்சம் இளகும் என்பது உண்மைதான். ரெக்சின் அந்த அளவுக்கு இளகாது. எப்படியானாலும் முதல் நாளே வலிக்கும் ஷூவை நம்பி வாங்க வேண்டாம்.

அடுத்து ஷூவை முன்னும் பின்னும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் அது மடங்க வேண்டும். நடுவில் மடிந்தால் பாதத்தின் வளைவுக்குத் தாங்கல் கிடைக்காது. ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பாருங்கள். அப்படியே சுருண்டால் வேண்டாம். குதிகாலைப் பிடிக்கும் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும். போட்டு நின்றால், நீளமான விரலுக்கு முன்னால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கட்டும். கடைக் கார்ப்பெட்டில் எல்லாச் செருப்பும் மெத்தென்றுதான் இருக்கும். வெறும் டைல்ஸில் நாலு நடை நடந்து பாருங்கள்.

அழகுக்கு எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே கூடாது

விரல் பக்கம் ஊசியாகக் கூராகும் ஷூ, பென்சில் ஹீல்ஸ், தேய்ந்து தட்டையான ரப்பர் செருப்பு. குதிகால் வலிக்கு இந்த மூன்றும் ஆகாது. மூன்றாவதைப் பலர் எதிர்பார்க்க மாட்டீர்கள். "ஹீல்ஸ் வேண்டாம்" என்றதும் நேராக மெல்லிய தட்டைச் செருப்புக்குப் போகிறோம். குதிகால் வலிக்காரர்களுக்கு முழுத் தட்டையைவிட 2, 3 சென்டிமீட்டர் உயரம்தான் பொதுவாக வசதி.

அதனால் புடவைக்கு உயரம் வேண்டும் என்றால், முன்னும் பின்னும் சேர்ந்தே உயரும் வெட்ஜ் அல்லது அகலமான கட்டை ஹீல்ஸ் எடுக்கலாம். முன் மூக்கு வட்டமாக, இல்லாவிட்டால் பாதாம் வடிவத்தில் இருக்கட்டும். கணுக்காலைச் சுற்றி ஒரு பட்டை இருந்தால் விரலை மடக்கிப் பிடிக்கத் தேவையில்லை. கற்கள், ஜரிகை, கலர் எல்லாம் மேல் பட்டையில் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், வலிக்கு அதில் சம்பந்தமே இல்லை. சோல்தான் விஷயம். கோலாப்பூரி பிடிக்கும் என்றால் கீழே கனமான ரப்பர் சோல் வைத்ததைத் தேடுங்கள்.

ஆண்கள் ஃபார்மல் ஷூ வாங்கும்போது டெர்பி மாடல் கேளுங்கள். லேஸ் கட்டும் பட்டைகள் இரண்டும் திறந்து விரிவதால் அகலமான பாதத்தை நெருக்காது. ஆக்ஸ்ஃபோர்டு மாடல் அப்படி விரியாது.

பிடித்த பழைய செருப்பு இருக்கிறதா? தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் பக்கிளுக்குக் கூடுதல் ஓட்டை போடுவார், பின்பட்டை தைத்துக் கொடுப்பார், தேய்ந்த குதிகாலுக்கு ரப்பர் வைப்பார். புதுசு வாங்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.

ஆன்லைனில் வாங்கினால்

நம்பரை நம்பாதீர்கள், சைஸ் சார்ட்டில் இருக்கும் சென்டிமீட்டரை உங்கள் போட்டோவோடு ஒப்பிடுங்கள். ரிட்டர்ன் எத்தனை நாள் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். சைஸ் சேரவில்லை என்றால் மாற்றித் தருவது கடையின் விதியைப் பொறுத்தது. ஆனால் சோல் பிரிந்து வந்தது, தையல் விட்டது போன்ற குறை இருந்தால் கதை வேறு. பில்லில் குறிப்பிட்ட நாட்களுக்குள், எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற போர்டு இதற்குச் செல்லாது. பில்லைப் பத்திரமாக வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டியிருந்தாலும், பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. எவ்வளவு நல்ல ஷூ போட்டாலும் பத்து மணி நேரம் நின்றால் கால் வலிக்கத்தான் செய்யும். கடைகள், நிறுவனங்களில் ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் கொண்டுவரப்பட்டது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது யாரும் தரும் சலுகை இல்லை, உங்கள் உரிமை. இருக்கையே இல்லை என்றால் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

வலிக்காத கால்தான் ஆபத்து

இதுவரை சொன்னதெல்லாம் வலி தெரிகிற காலுக்கு. நீண்ட நாள் சர்க்கரை நோய் இருப்பவர்களில் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சியே குறைந்துவிடும். ஷூ கடிப்பது தெரியாது, ஆணி குத்தியது தெரியாது, ரத்தம் பார்த்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் ஆறாமல் போனால் விரலையோ காலையோ எடுக்கும் நிலைமை வரலாம். பாதம் மரத்துப்போன மாதிரி, பஞ்சில் நடக்கிற மாதிரி இருந்தால், செருப்புக் கடைக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வீட்டுக்கே பணியாளர்கள் வருகிறார்கள். அடுத்த முறை வரும்போது அவர்களிடம் பாதத்தைப் பற்றியும் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்த காலுக்கு மைக்ரோ செல்லுலார் ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பை டாக்டர்கள் எழுதித் தருவார்கள். பின்பட்டை உள்ளதாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்துவிடுவீர்கள். பாதத்தின் வடிவமே மாறியிருந்தால் அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் கால்களுக்கான துணைக் கருவிகள் செய்து தருகிறார்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டுப் போகலாம்.

புது செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட வேண்டாம். கழற்றியதும் பாதத்தில் சிவந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பக்கம் பார்க்கக் குனிய முடியவில்லை என்றால் போன் கேமராவில் ஒரு படம் எடுத்தால் போதும். சிவப்பு மறையவில்லை, கொப்புளம் வந்துவிட்டது, எங்கே காட்டுவது என்று தெரியவில்லை என்றால் 104-க்கு போன் செய்யுங்கள்.