தீவிர சிகிச்சை: படுக்கையைக் கூட்டினால் போதுமா?

நம்பிக்கை: தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைகளும் வென்டிலேட்டர்களும் கூடினால் உயிரிழப்பு தானாகக் குறையும்.

உண்மை: அந்தப் பிரிவுக்கு வருமுன் நோயாளி எப்படிக் கவனிக்கப்பட்டார் என்பதும் அவர் உயிரைத் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தில், அவசரமாகத் தீவிர சிகிச்சைக்கு வந்த 100 பேருக்கு அதற்கு முன் கிடைத்த கவனிப்பை 1998-இல் வெளியான ஓர் ஆய்வு அலசியது. 54 பேருக்குக் கவனிப்பு போதவில்லை என்று அந்த ஆய்வின் மதிப்பீட்டாளர்கள் இருவரும் ஒருமித்துச் சொன்னார்கள். சுவாசம், ரத்த ஓட்டம், ஆக்சிஜன் என அடிப்படைகளிலேயே கோட்டை விட்டிருந்தார்கள். அதன்பின் 2000-இல் வந்த அரசு அறிக்கை, நோயாளி எந்த வார்டில் படுத்திருக்கிறார் என்பதை விட்டுவிட்டு, அவருக்கு எவ்வளவு கவனிப்பு வேண்டும் என்பதை வைத்து 0 முதல் 3 வரை நிலைகளை வகுத்தது. தீவிர சிகிச்சையில் தேர்ந்தவர்கள் மற்ற வார்டுகளுக்கும் சென்று உதவ வேண்டும் என்றது.

நம்பிக்கை: நோயாளியின் நிலை திடீரென்றுதான் மோசமாகிறது, முன்கூட்டியே அறிய வழியில்லை.

உண்மை: பெரும்பாலும் உடல் பல மணி நேரம் முன்பே எச்சரிக்கிறது. பிரிட்டனில் 2012 முதல் வழக்கத்தில் உள்ள தேசிய எச்சரிக்கை மதிப்பெண் முறை அதைத்தான் படிக்கிறது. ஒருவருக்கு ஆக்சிஜன் அளவு 96 காட்டுகிறது, பார்க்க நிம்மதி. ஆனால் நிமிடத்துக்கு 26 முறை மூச்சு வாங்குகிறார் என்றால் 3 மதிப்பெண். அந்த 96-ம் ஆக்சிஜன் கொடுத்து வந்தது என்றால் இன்னும் 2. மொத்தம் 5 ஆனதுமே மருத்துவரோ தேர்ந்த குழுவோ விரைந்து வந்து பார்த்தாக வேண்டும். மூச்சை எண்ண விலையுயர்ந்த கருவி வேண்டாம். கடிகாரமும், ஒரு நிமிடம் நின்று பார்க்க நேரமுள்ள செவிலியரும் போதும்.

படுக்கையே இல்லாமல் கண்காணித்து என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கிலாந்தும் 2000-க்குப் பின் படுக்கைகளைக் கூட்டியது, பலனும் கண்டது. ஆனால் படுக்கையோடு ஆளும் சேர்ந்தது: வென்டிலேட்டரில் உள்ள ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது அங்கே நியதி. நோயாளி மோசமாகும்போது வார்டுக்கே விரையும் அவசர மருத்துவக் குழுக்களால் பலனில்லை என்போர், 23 ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வைக் காட்டுவார்கள். அதில் இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்பது உண்மை. ஆனால் அபாய அறிகுறி இருந்த பலருக்கு அந்தக் குழு அழைக்கப்படவே இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. குழு அமைத்தால் மட்டும் போதாது. அறிகுறியைக் கண்ட செவிலியர் தயங்காமல் அழைக்கவும், அழைத்தால் மருத்துவர் வரவும் வேண்டும். ஆகவே, புதிய படுக்கைக்கு நிதி ஒதுக்கும் எந்த அரசும் செவிலியர் பணியிடத்தையும் வார்டுக் கண்காணிப்பையும் அதே கோப்பில் சேர்த்தே ஒப்புதல் தர வேண்டும்.