கணைய ஆபரேஷன் ஆனவருக்குக் காலை நீவாதே!

பெங்களூரு மர்பி டவுன்ல யாருக்குக் கால் வீங்கினாலும் எண்ணெயைச் சூடு பண்ணி நீவி விடறது நம்ம வீட்டுப் பழக்கம். கணையப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி வந்திருக்கிற மாமாவுக்கு மட்டும் அதைச் செஞ்சிடாதே மா. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலிச்சு, தொட்டா சூடா இருந்தா உள்ளே ரத்தம் உறைஞ்சிருக்கலாம். நீவினா அந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைச்சிடலாம். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் டாப்ளர் ஸ்கேன் எடு. திடீர்னு மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, இருமினா ரத்தம் வருதுன்னா யோசிக்காதே, 108-க்கு அடி.

புற்றுநோய்க்காரங்களுக்கு ரத்தம் சீக்கிரம் உறையும்னு 1865-லயே பாரிஸ் டாக்டர் ட்ரூசோ சொல்லியிருக்கார். அதுல கணையப் புற்றுநோய் முன்வரிசை. அதோட பெரிய ஆபரேஷன், படுக்கை, பிறகு கீமோன்னு எல்லாம் சேருது.

அதுக்குத்தான் ரத்தம் உறையாம தடுக்கற எனாக்ஸபாரின் மாதிரி ஊசி. வீட்டுக்கு வந்தாச்சேன்னு நிறுத்தக் கூடாது. வயிறு, இடுப்புப் பகுதிப் புற்றுநோய்களுக்கு ஆபரேஷன் ஆனவங்களை வச்சு 2002-ல வந்த ஆய்வுல, ஒரு வாரத்தோட நிறுத்தினவங்கள்ல 12 சதவீதம் பேருக்கு ரத்தக்கட்டு. நாலு வாரம் போட்டவங்கள்ல 5-க்கும் கீழே.

ஊசியைத் தொப்புளுக்கு ரெண்டு அங்குலம் தள்ளி, தையல் பக்கம் போகாம, தோலைக் கிள்ளிப் பிடிச்சு நேராக் குத்து. மருந்து நிரப்பியே வர்ற முழு டோஸ் ஊசின்னா உள்ளே இருக்கிற காத்துக்குமிழியை வெளியே தள்ளாதே, மருந்தும் போயிடும். போட்ட இடத்தைத் தேய்க்காதே. மலம் கறுப்பா போனாலோ ரத்தம் நிக்காம வந்தாலோ உடனே டாக்டர்கிட்ட சொல்லு. வலி மாத்திரையை மெடிக்கல்ல நீயா வாங்கிக் குடுக்காதே.

வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமா நடக்க வை. ஓசூர் ரோடு கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போறப்போ டிராஃபிக்ல மாட்டினா, உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லு.

இனி எப்படி இருக்கும்னு அத்தை கேட்டா மழுப்பாதே. இது கடுமையான நோய்தான். ஆனா ஆபரேஷன் செய்யற நிலையில கண்டுபிடிக்கறதே 100-ல 15, 20 பேருக்குத்தான். மாமா அதுல ஒருத்தர். ஆபரேஷனோட கீமோவும் முடிச்சவங்கள்ல அஞ்சு வருஷம் தாண்டறவங்க இருக்காங்க. ரத்தக்கட்டு வந்துட்டாலும் மருந்து இருக்கு, நோய் திரும்பிடுச்சுன்னு உடனே முடிவு கட்ட வேண்டாம்.

ஊசி எத்தனை நாளைக்குன்னு டிஸ்சார்ஜ் சீட்டுல இல்லைன்னா, நாளைக்கே டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிடு.