டயாலிசிஸ் நோயாளியின் மனச்சோர்வு ஈமானின் குறைவா?

 

நம் கொல்லிமலையிலிருந்து டயாலிசிஸுக்குப் போகிறவர் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, மீண்டும் ஏறி வர வேண்டும். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் இப்படி. ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். தண்ணீரை அளந்துதான் குடிக்கலாம். பொட்டாசியம் அதிகம் என்பதால், நம் மலையில் விளையும் பலாவும் வாழையும்கூட வேண்டாம் என்பார் மருத்துவர். வேலையும் வருமானமும் குறைந்துபோகும்.

இத்தனையும் சுமப்பவர் ஒருநாள் பேச்சைக் குறைத்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். "சப்ர் செய்யுங்கள், ஈமான் உள்ளவர் இப்படிச் சோர்ந்து போகலாமா?" என்கிறோம். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அதன்பின் அவர் தம் வேதனையை யாரிடமும் சொல்வதில்லை.

உடலுக்குள் நடப்பது என்ன?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்கும். இதற்கு அழற்சி என்று பெயர். கிருமிகளை எதிர்க்க அல்லாஹ் நம் உடலில் வைத்திருக்கும் காவல் இது. புண் ஆறியதும் அடங்கிவிடும். சிறுநீரகம் செயலிழந்த பலருக்கு இது உள்ளுக்குள் அடங்காமல் நீடிக்கிறது. உடலில் தேங்கும் கழிவுகள், இரத்தம் இயந்திரத்தின் குழாய்களிலும் வடிகட்டியிலும் பட்டு வருவது, கதீட்டர் குழாயில் தொற்று, ஈறு நோய் ஆகியவை இதற்குக் காரணங்கள். சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனையில் இது தெரியும்.

அழற்சியின்போது சுரக்கும் சைட்டோகைன் என்ற பொருள்கள் மூளையையும் பாதிக்கின்றன. காய்ச்சலில் சாப்பாடு பிடிக்காது, யாரோடும் பேசத் தோன்றாது அல்லவா? அதற்கு இவையும் காரணம். நமக்கு அது மூன்று நாளில் போய்விடும். இவர்களுக்கோ மாதக்கணக்கில் நீளலாம். சோர்ந்தவர் சரியாகச் சாப்பிடமாட்டார், டயாலிசிஸையும் தவறவிடுவார். அதனால் உடல் இன்னும் கெடும். உலக அளவில் டயாலிசிஸ் செய்பவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அழற்சி மட்டுமே காரணமல்ல. இழப்புகளும் அலைச்சலும் சேர்ந்தே இதை உண்டாக்குகின்றன.

மகன் யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துக்கத்தில் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆன் சொல்கிறது. அழகிய பொறுமைக்கு முன்மாதிரியும் அவர்களே. ஆகவே துக்கமும் சப்ரும் ஒரே உள்ளத்தில் இருக்க முடியும்.

நாம் செய்ய வேண்டியவை

1. இரண்டு வாரத்திற்கு மேல் கவலை, தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை இருந்தால் டயாலிசிஸ் மருத்துவரிடம் சொல்லுங்கள். 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 120 டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மனநல ஆலோசனையோ மாத்திரையோ அளித்தார்கள். இரண்டிலுமே மனச்சோர்வு குறைந்தது.

2. குளிர் காய்ச்சல் வந்தாலோ, குழாய் போட்ட இடம் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

3. அழற்சி குறைய என்று வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயல்பாடும் கெடலாம்.

4. வீட்டிலேயே செய்யும் வயிற்றுவழி டயாலிசிஸ் தமக்கு ஒத்துவருமா என்று மருத்துவரைக் கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இதற்கான பைகள் தரப்படுகின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் உண்டு.

5. "வாழ்ந்து என்ன பயன்?" என்று ஒருவர் சொன்னால் அதட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். 14416 அல்லது 104 எண்ணுக்கு உடனே பேசுங்கள்.

6. நோயாளியை விசாரிக்கச் செல்வது சுன்னத். அந்த நேரத்தில் உபதேசத்தைக் குறைத்து, அவர் சொல்வதைக் கேளுங்கள். ஜமாஅத் இளைஞர்கள் முறைவைத்து ஒரு நாளாவது துணைக்கு மலையிறங்கிப் போகலாம். தேவையுள்ள நோயாளிகளை ஜகாத் கொடுப்பவர்கள் நினைவில் கொள்ளட்டும்.

மருந்தும் துஆவும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.