தேடாது வந்த பேறு

ஊசற்குண்டை ஆட்டிப் புவியீர்ப்பின் அளவைக் காணும் பரிசோதனை, கல்லூரியிற் பௌதிகம் பயில்வோர் அனைவர்க்கும் பழக்கமானதே. நம் பக்கங்களில் விடை ஏறக்குறைய 978 என்று வருதல் வேண்டும் என்பது, குண்டை நூலிற் கட்டுமுன்பே எல்லோர்க்கும் தெரியும். ஆதலின், மாணவர் குறிப்பேடுகளை ஒருங்கே வைத்துப் பார்ப்பின், எண்கள் யாவும் 978ஐச் சுற்றி அடக்க ஒடுக்கமாய் உட்கார்ந்திருக்கக் காண்கிறோம். கருவியும் கையும் அத்துணை ஒழுங்குடையன அல்ல. அவ்வொழுங்கிற் பெரும்பகுதி அழிக்கும் ரப்பரினால் வந்தது. இவ்வழக்கத்தால் நாம் இழப்பது யாது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம் பழமொழி. அதிற் காக்கைக்கு யாதொரு பெருமையும் இல்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பது மற்றொன்று. அங்கே எதிர்பாராதது வந்தது மெய்யே, ஆயின் வந்தது தீமை. ஒன்றைத் தேடுங்கால் தேடாத நன்மையொன்று எதிர்ப்பட, அதனை நன்மையென்று அறிந்து கைக்கொள்ளுதல் இவ்விரண்டினும் வேறானது. இதற்கு ஆங்கிலத்தில் 'செரண்டிப்பிட்டி' என்னும் சொல் வழங்குகிறது. ஹோரேஸ் வால்போல் என்னும் ஆங்கில ஆசிரியர் 1754ஆம் ஆண்டு ஜனவரி 28ஆந் தேதி தம் நண்பர் ஒருவருக்கு வரைந்த கடிதத்தில் இதனைப் புதிதாய்ப் படைத்தார். 'செரண்டிப்' என்பது பாரசீகரும் அராபியரும் இலங்கைக்கு இட்ட பெயர். அந்நாட்டு அரசகுமாரர் மூவரைப் பற்றி 1557இல் வெனிஸ் நகரில் அச்சான கதையினின்றும் வால்போல் அச்சொல்லை எடுத்தார். அம்மூவரும் வழியிற் கண்ட சிறு அடையாளங்களைக் கொண்டே, தாம் கண்டிராத ஒட்டகம் ஒன்று ஒற்றைக் கண்ணுடையது என்று கூறினர். பாதையின் ஒருபுறத்துப் புல் மட்டுமே மேயப்பட்டிருந்தது. நம் நாட்டில் வழங்கும் நான்கு மந்திரிமார் கதையும் இத்தகைய ஒட்டகத்தைப் பற்றியதே. அப்புல்லைக் கடந்து சென்ற வழிப்போக்கர் வேறு பலரும் இருந்திருப்பர். அவர்கள் அதனைப் பாராதவர் அல்லர், பொருட்படுத்தாதவர்.

பொருட்படுத்தினவர் ஒருவரை இனிக் காண்போம். ரேலி பிரபு என்னும் ஆங்கிலப் பௌதிக சாஸ்திரி வாயுக்களின் நிறையை மிக நுட்பமாய் அளந்துவந்தார். நைட்ரஜன் வாயுவை இரண்டு வழிகளிற் பெற்றார். ஒன்றில், காற்றைப் பழுக்கக் காய்ந்த செம்பின்மேற் செலுத்தி, அதிலுள்ள பிராணவாயுவை நீக்கினார். மற்றொன்றில், காற்றை அம்மோனியாவினூடே செலுத்திப் பின்பு செம்பின்மேல் விட்டார். ஆகவே அவ்வாயுவில் ஒரு பகுதி அம்மோனியாவினின்றும் வந்தது. இரண்டும் நைட்ரஜனே, நிறை ஒத்திருத்தல் வேண்டும். ஒத்திலது. ஆயிரத்தில் ஒரு பங்களவு வேறுபாடு இருந்தது. நம்மவரில் ஒருவராயின், ஆயிரத்தில் ஒன்றுதானே என்று இரண்டையும் கூட்டிச் சராசரி கண்டு மேற்சென்றிருப்பர். (யாமும் அவ்வாறே செய்திருப்போம் என்பதை மறைத்தற்கில்லை.) ரேலியோ அப்பிழையைக் குறைக்க முயலவில்லை, பெருக்க முயன்றார்! காற்றுக்கு மாறாகத் தூய பிராணவாயுவை அம்மோனியாவினூடே செலுத்தி, நைட்ரஜன் முழுதும் அம்மோனியாவினின்றே வரும்படி செய்தார். வேறுபாடு இருநூற்றில் ஒரு பங்காய் வளர்ந்தது. காற்றினின்றும் பெற்றது லிட்டருக்கு 1.2572 கிராம்; ரசாயனப் பொருள்களினின்றும் பெற்றது 1.2505 கிராம். கைப்பிழையாயின் இவ்வாறு சொன்னபடி வளராது.

அவர் செய்த மற்றொன்றே எமக்குப் பெருவியப்பைத் தருகின்றது. புகழ் பெற்ற அவ்வறிஞர், தமக்குக் காரணம் விளங்கவில்லை என்று 1892இல் 'நேச்சர்' என்னும் பத்திரிகைக்கு எழுதி, ரசாயனம் கற்றோர் விளக்கம் தரவேண்டும் என்று வேண்டினார். பின்னர் வில்லியம் ராம்ஸே இவ்வாராய்ச்சியிற் புகுந்தார். பழைய நூல்களும் புரட்டப்பட்டன. காவெண்டிஷ் என்பார் 1785ஆம் ஆண்டிலேயே காற்றின் நைட்ரஜனை மின்பொறியால் முழுதும் மாற்றிக் கரைத்துவிட முயன்று, எத்துணை முயன்றும் ஒரு சிறு குமிழி எஞ்சிற்றென்றும், அது 120இல் ஒரு பங்கிற்கு மேற்படாதென்றும் எழுதிவைத்திருந்தார். அஃது இன்னதென அவர் அறியார், எனினும் அழித்திலர். நூறாண்டுக்கு மேல் ஏட்டில் உறங்கிய அக்குமிழியே 1894இல் ரேலியும் ராம்ஸேயும் வெளியிட்ட ஆர்கன் என்னும் புதிய வாயு. நாம் உட்கொள்ளும் ஒவ்வொரு மூச்சிலும் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு அதுவே. 1904இல் ரேலி பௌதிகத்திற்கும் ராம்ஸே ரசாயனத்திற்கும் நோபெல் பரிசு பெற்றனர்.

பெனிசிலினின் வரலாற்றைப் பலரும் சொல்லிவிட்டனராதலின் அதனை விடுத்து, மாணவர் ஒருவரின் செய்தியைச் சுருங்கச் சொல்வோம். 1856ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், பதினெட்டு வயதினரான வில்லியம் பெர்க்கின் லண்டனில் தம் வீட்டிலேயே கொயினா மருந்தைச் செயற்கையாய்ச் செய்ய முயன்றார். காகிதத்தில் அணுக்கணக்கு அழகாய்ச் சரிப்பட்டது. குடுவையிற் கண்டது செங்கபிலச் சேறு. அனிலின் என்னும் பொருளைக் கொண்டு மீண்டும் செய்தார். இம்முறை கரிய வண்டல். அதனைச் சாராயத்தாற் கரைத்தபோது அழகிய ஊதா நிறம் தோன்றிற்று. உடனே பட்டுத்துணியைத் தோய்த்துப் பார்த்தார். அவருக்கு ஓவியத்தில் விருப்பம் உண்டு. அவ்விருப்பம் இல்லாதிருப்பின் அந்நிறம் வாய்க்காலோடு போயிருத்தலும் கூடும். அன்றியும், அவ்வனிலின் தூயதன்று. அதில் டொலூயிடின் என்னும் வேறு பொருள் கலந்திருந்தமையாலேயே அச்சாயம் உண்டாயிற்று. செயற்கைச் சாயத்தொழில் அக்கலப்பினின்றும் வளர்ந்தது.

அதிர்ஷ்ட மோதிரம் விற்பார் பலர் உளர். அவரிடம் எமக்கு வழக்கில்லை. ஆயினும் நற்செயல்கள் தாமே நேர்தற்கு இடங்கொடுக்கும் வழக்கங்கள் சில உண்டென்றே கருதுகின்றோம். முதற்கண் எண்ணை மையினால் எழுதுக, பென்சில் வேண்டா. முரணிய எண்ணை அடியாமல் ஓரத்தில் குறியிட்டு, மறுநாள் அதனையே வேண்டுமென்று பெரிதாக்கிப் பார்க்க. விளங்காததைப் பிறதுறையாரிடம் கூசாது வினவுக. ரசாயன மாணவன் தாவரநூல் பயில்வானோடு உண்டியறையில் ஒரே பலகையில் அமர்தல் இதற்கு எளிய வழி. புத்தகசாலையில் வேண்டிய நூலை எடுத்தபின், அதன் அருகிலுள்ளதையும் ஒருமுறை திறக்க. நாள் முழுவதையும் பாடத்தால் நிரப்பிவிடின் இவற்றிற்கு நேரம் இராது என்பதை ஆசிரியர்களும் கருதுதல் நலம். விடையின் ஒழுங்கிற்கே மதிப்பெண் வழங்குமளவும் ரப்பரைக் குறைகூறிப் பயனில்லை.

யாம் மாணவராயிருந்த காலத்தில், அவ்வூசற் பரிசோதனையின் மூன்றாவது வரிசை மட்டும் மற்ற இரண்டினின்றும் வெகுதூரம் விலகி வந்தது. நூலோ, கடிகாரமோ, அன்றி மேசைக்கு அடியில் நாம் அறியாத வேறொன்றோ காரணம். மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. அழித்து 978 என்று எழுதினோம். பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கிடைத்தது. அழித்த எண் யாதென்று இன்று எவ்வளவு சிந்தித்தும் நினைவிற்கு வரவில்லை.